புகை ஏறிய புழுதி

மண்ணோடு சேரும் அமிலம்

நெய்வேலியை அடுத்த மந்தாரக்குப்பம் கடைவீதியில் காலையில் கூட்டித் தள்ளும் புழுதியை வெறும் மண் என்றே நினைக்கிறோம். பழுப்பு நிலக்கரி, டீசல், காய்ந்த சருகு என எது எரிந்தாலும் நைட்ரஜன் ஆக்சைடுகள் பிறக்கின்றன. காற்றிலேயே அவை நைட்ரிக் அமிலமாக மாறுகின்றன. குளிர்நாடுகளில் அந்த அமிலம் அம்மோனியாவோடு சேர்ந்து நுண்துகளாக மிதக்கும். நம் வெயிலில் அந்தச் சேர்க்கை எளிதில் பிரிந்துவிடும். ஆனால் மண்துகளில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து கிடைத்துவிட்டால், அமிலம் கால்சியம் நைட்ரேட்டாகி அதிலேயே தங்கிவிடுகிறது. நம்மூர்களில் புகைக்கு ஒரு கணக்கு, புழுதிக்கு ஒரு கணக்கு என்று பிரித்துப் பார்ப்பது தவறு என்று நான் வாதிடுவது இதனால்தான்.

புகைபோக்கி உயர்ந்தால் போதுமா?

1962 முதல் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எரித்து மின்சாரம் உற்பத்தியாகிறது. புகைபோக்கிகள் உயரமானவை, நகரியம் முழுக்க மரங்கள், பிறகென்ன பயம் என்று கேட்பார்கள். உயரம் புகையைத் தொலைவுக்கு அனுப்பும், அவ்வளவுதான். அந்தத் தொலைவிலும் ஊர்கள் இருக்கின்றன. மந்தாரக்குப்பத்திலும் வடக்குத்திலும் லாரிகள் மூக்கின் உயரத்திலேயே புகை விடுகின்றன, படிந்த புழுதியைச் சக்கரங்கள் மறுபடி கிளப்புகின்றன. அனல் மின்நிலையங்களின் நைட்ரஜன் ஆக்சைடுக்கு மத்திய அரசு 2015 டிசம்பரில் வரம்பு விதித்தது. தெருப்புழுதிக்கு அப்படி ஒரு வரம்பு கிடையாது. 2019இல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி இருக்கின்றன. நெய்வேலி போன்ற ஊர்கள் இல்லை. நைட்ரஜன் டை ஆக்சைடுக்கு இந்தியா வைத்திருக்கும் ஆண்டுச் சராசரி வரம்பு கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராம். உலக சுகாதார அமைப்பு 2021இல் பரிந்துரைத்ததோ 10.

கீரையிலும் நைட்ரேட் இருக்கிறதே!

இருக்கிறது. பீட்ரூட்டிலும் இருக்கிறது. புழுதியின் நைட்ரேட்டே நஞ்சு என்பதல்ல என் வாதம். அந்தத் துகள் புகையில் தோய்ந்து வந்ததற்கு அது தடயம். அதே புகையிலுள்ள நைட்ரஜன் டை ஆக்சைடு மூச்சுக்குழாயை அழற்சியுறச் செய்து, ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்கு இழுப்பைக் கூட்டுகிறது. பெரிய துகள்களை மூக்கு பிடித்துவிடும், 2.5 மைக்ரானுக்குக் குறைந்தவை நுரையீரலின் காற்றறை வரை போகும். உலர்ந்த துடைப்பத்தால் தெருவைக் கூட்டும்போது அவைதான் நெடுநேரம் காற்றில் நிற்கின்றன, முதலில் துப்புரவுப் பணியாளரின் நெஞ்சுக்குள் போகின்றன. அவருக்குத் துணிக்கட்டு போதாது, என்-95 முகக்கவசம் தர வேண்டும். சருகைக் கொளுத்தாமல் உரக்குழிக்கு அனுப்பலாம், மண் ஏற்றிய லாரியைத் தார்ப்பாயால் மூடலாம். வாசலில் தண்ணீர் தெளித்த பிறகே கூட்டும் நம் வீட்டுப் பழக்கத்தைத் தெருவுக்கும் கொண்டுவரலாம். அதற்குத் தண்ணீருக்கு எங்கே போவது என்பார்கள். நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து இரவும் பகலும் நிலத்தடி நீரை இறைத்து வெளியேற்றும் ஊர் நெய்வேலி.