வேலைக்கு எடுத்தவர்களுக்கு விளையாட்டு எதற்கு?



வேலை பார்க்க ஆள் எடுக்கும் நிறுவனங்கள் அவர்களைப் பந்தும் மட்டையுமாக மைதானத்துக்கு அனுப்புவது எதற்கு என்று சபையாரில் சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். இந்திய ரயில்வேயை உதாரணமாக வைத்து இதைச் சிந்திப்போம்.

ரயில்வேயின் விளையாட்டுக் காரியங்களைக் கவனிக்க 1928-ம் ஆண்டிலேயே ஒரு வாரியம் ஏற்பட்டது. ஒவ்வொரு மண்டலத்துக்கும், 1955-ல் பெரம்பூரில் தொடங்கிய ஐ.சி.எஃப். போன்ற தொழிற்சாலைகளுக்கும் தனித்தனி அணிகள் உண்டு. அவை தங்களுக்குள் மோதும். அவற்றில் தேறியவர்கள் ரயில்வே அணியாகத் தேசியப் போட்டிகளுக்குப் போவார்கள். கிரிக்கெட்டில் இந்த அணி 2001-02, 2004-05 பருவங்களில் ரஞ்சிக் கோப்பையை வென்றது.

விளையாட்டு ஒதுக்கீட்டில் சேருகிறவர்களுக்கு எழுத்தர், டிக்கெட் பரிசோதகர் போன்ற வேலை கிடைக்கிறது. பயிற்சிக்கும் போட்டிக்கும் விடுப்பு உண்டு. மகேந்திர சிங் தோனி 2001 முதல் 2003 வரை கரக்பூரில் டிக்கெட் பரிசோதகராக இருந்தார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுடுதலில் வெண்கலம் பெற்ற ஸ்வப்னில் குசாலேயும் மத்திய ரயில்வேயில் அதே பணியில் இருந்தவரே.

இப்படிப் புகழ் பெறுகிறவர்கள் வெகு சிலர். மற்றவர்களைப் பற்றியே நான் அதிகம் நினைக்கிறேன். இருபத்தெட்டு வயதில் முழங்கால் பழுதானால் ஆட்டம் நின்றுவிடும். ஆனால் வேலை நிற்பதில்லை. ஓய்வு பெறும் வயதுவரை சம்பளம் உண்டு. ஏழை வீட்டு வாலிபனுக்குப் பதக்கத்தைவிட இது பெரிய காரியம். பெண்களுக்கோ இன்னும் பெரிது. மகளிர் கிரிக்கெட்டில் பணமே இல்லாத காலத்தில் அவர்களுக்குச் சோறு போட்டது ரயில்வே வேலை. 2017 உலகக் கோப்பை இறுதியாட்டம் வரை சென்ற இந்திய மகளிர் அணியில் பெரும்பாலானோர் ரயில்வே ஊழியர்கள்.

இதில் கிறிஸ்தவ ஊழியத்துக்கும் ஒரு பங்குண்டு. வாலிபால் விளையாட்டை 1895-ல் அமெரிக்காவின் ஹோலியோக் நகர ஒய்.எம்.சி.ஏ.வில் வில்லியம் மார்கன் உருவாக்கினார். கூடைப்பந்து ஆடி இளைத்துப்போன நடுத்தர வயது அலுவலர்களுக்காகவே அதை ஏற்படுத்தினார். உழைத்துக் களைத்தவர்கள் சேர்ந்து மகிழ்வதற்கென்றே பிறந்த ஆட்டம் அது!

ஆனாலும் ஒரு குறை உண்டு. இன்று பெரிய நிறுவனங்களில் துப்புரவாளர், காவலர் பலர் ஒப்பந்தக்காரர் மூலம் வருகிறவர்கள். ஊழியர் பட்டியலில் பெயர் இல்லாததால் அணியிலும் அவர்களுக்கு இடமில்லை. ஒரே வாசலில் நுழைகிறவர்களில் ஒருவர் ஆடுகிறார். மற்றவர் வேலிக்கு வெளியே நின்று பார்க்கிறார்.

கொரிந்தியருக்கு எழுதின முதலாம் நிருபத்திலே அப்போஸ்தலனாகிய பவுல் பந்தய ஓட்டத்தைக் குறித்து எழுதுகிறார். அதே நிருபத்தில், சரீரத்தின் எந்த அவயவத்தையும் வேண்டாமென்று தள்ள முடியாது என்றும் போதிக்கிறார். இவ்விரண்டையும் சேர்த்து வாசிப்பது நலம்.

நம் மருத்துவமனை வளாகத்தில் மாலைநேர வாலிபால் ஆட்டத்துக்கு யாரும் அடையாள அட்டை காட்டவேண்டியதில்லை. மருத்துவர் பந்து போட, சலவைக்கூடத்துத் தம்பி எடுத்து அடிக்கிறான். மறுநாள் வார்டில் அந்தத் தம்பியை அவர் பெயர் சொல்லி அழைக்கிறார். உங்கள் காணிக்கையால் தாங்கப்படும் இந்த ஊழியத்தில் ஒருவரும் வேலிக்கு வெளியே நிற்காதபடி எங்களுக்காக ஜெபியுங்கள்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.

உங்கள் அன்புள்ள,
மருத்துவமனைப் போதகர்