ஃப்ரீலான்ஸ் வேலையும் வருமான வரியும்: எதை எழுதி வைக்க வேண்டும்?

ஜார்ஜ்டவுனில் திருமணப் படம் எடுப்பவர், சுற்றுலா வழிகாட்டி, வீடு வீடாகப் போய் டியூஷன் சொல்லிக் கொடுப்பவர், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கு மென்பொருள் எழுதுபவர், அங்கேயே இயந்திரம் பழுதுபார்ப்பவர் என்று பினாங்கில் ஃப்ரீலான்ஸாக உழைக்கும் நம்மவர்கள் பலர். வருமான வரிக்கான பாரம் பி அனுப்பும் ஜூன் மாதம் நெருங்கினால் இவர்களில் பலருக்கும் ஒரே குழப்பம்: வரிச் சட்டத்தின் கண்ணில் நான் தொழில் நடத்துபவனா, இன்னொருவரின் ஊழியனா? அதைச் சுற்றி எழும் சந்தேகங்களுக்கு இங்கே விளக்கம்.

ஒப்பந்தத்தில் ‘இவர் ஊழியர் அல்ல, சுயதொழில் செய்பவர்’ என்று தெளிவாக எழுதியிருக்கிறது. அது போதாதா?

போதாது. 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 4ஆம் பிரிவு தொழில் வருமானத்தையும் வேலை வருமானத்தையும் தனித்தனியாக வைக்கிறது. ‘வேலை’ என்பதற்கு 2ஆம் பிரிவு தரும் முதல் விளக்கம், முதலாளி–ஊழியர் உறவு இருக்கும் இடம் என்பதே. அந்த உறவு உண்மையில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. தாளில் என்ன பெயர் வைத்தோம் என்பதோடு அது முடிவதில்லை.

நம் கூட்டரசு நீதிமன்றம் 1995இல் ஹோ கியாங் ஙான் வழக்கில் இதை விரிவாக ஆராய்ந்தது. அது வரி வழக்கல்ல, தொழிலுறவு வழக்கு. வேலை வாங்குபவர் எந்த அளவுக்குக் கட்டுப்படுத்துகிறார் என்பது முக்கியம், ஆனால் அது மட்டுமே அளவுகோல் அல்ல. ஒப்பந்த வாசகத்தோடு இரு தரப்பும் நடந்துகொண்ட விதத்தையும் பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம்.

இதே விஷயத்தில் அடிக்கடி பேசப்படும் 1968ஆம் ஆண்டு இங்கிலாந்து வழக்கு ஒன்று உண்டு. ரெடி மிக்ஸ்ட் கான்கிரீட் நிறுவனத்துக்கு ஓட்டிய லாரிக்காரர் நிறுவனத்தின் சீருடை அணிந்தார். லாரிக்கும் நிறுவனத்தின் வண்ணம்தான். பார்த்தவர்கள் ஊழியர் என்றே நினைத்திருப்பார்கள். ஆனால் லாரியைத் தவணையில் வாங்கியவர் அவர், பராமரிப்புச் செலவும் அவருடையது, தனக்குப் பதில் வேறொரு ஓட்டுநரை அனுப்பவும் அவருக்கு வழி இருந்தது. அவர் தனித்தொழில் செய்பவர் என்றே தீர்ப்பு வந்தது. சீருடை தீர்மானிக்காததைச் செலவும் பொறுப்பும் தீர்மானித்தன.

அப்படியானால் எதையெல்லாம் பார்ப்பார்கள்?

2023 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தத்தின் 101சி பிரிவு ஒரு நல்ல கண்ணாடி. எழுத்துப்பூர்வமான வேலை ஒப்பந்தம் இல்லாதபோது ஒருவரை ஊழியர் என்று அனுமானிக்க அது ஆறு அடையாளங்கள் சொல்கிறது: வேலை செய்யும் முறை இன்னொருவர் கட்டளைப்படி நடப்பது, நேரத்தையும் அவரே தீர்மானிப்பது, கருவிகளை அவர் தருவது, வேலை அவருடைய தொழிலின் பிரிக்க முடியாத பகுதியாக இருப்பது, அவர் ஒருவரின் நலனுக்காக மட்டுமே உழைப்பது, சீரான இடைவெளியில் அவர் தரும் பணமே வருமானத்தின் பெரும்பங்காக இருப்பது. இது தொழிலாளர் சட்டம், வரி விஷயத்தை நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் உங்கள் வேலையை இந்த ஆறோடும் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கே வலு, எங்கே ஓட்டை என்று உடனே தெரியும்.

சரி, எதை எழுதி வைக்க வேண்டும்?

பெரும்பாலோர் இன்வாய்ஸையும் வங்கிக் கணக்கையும் மட்டும் வைத்திருக்கிறார்கள். அவை எவ்வளவு பணம் வந்தது என்று காட்டும். வேலை எப்படி நடந்தது என்று காட்டாது.

பாயான் லெப்பாஸ் நிறுவனம் ஒன்றுக்கு மென்பொருள் எழுதுபவரை எடுத்துக்கொள்வோம். முதலில் விலை பேசியது. அவர் ஒரு தொகை சொன்னார், நிறுவனம் குறைக்கச் சொன்னது, நடுவில் முடிந்தது. அந்த மின்னஞ்சல்களே அவர் தன் விலையைத் தானே வைப்பவர் என்பதற்குச் சான்று. அடுத்து, வேலையின் எல்லை: என்ன செய்து தருவது, எப்போது முடிப்பது. ‘தேவைப்படும் வேலைகள் அனைத்தும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் அது ஊழியர் நியமனம் போலத்தான் இருக்கும். பிறகு பிழை திருத்தியது. தான் செய்த தவற்றைக் கூடுதல் பணம் வாங்காமல் தன் நேரத்தில் சரிசெய்திருந்தால், அந்த நாளையும் செலவான மணிகளையும் குறித்து வைக்க வேண்டும். நட்டம் தன் தலையில் விழும் என்பது தொழில் நடத்துபவரின் தெளிவான அடையாளம்.

மறுத்த வேலையையும் குறியுங்கள். ‘இந்த வாரம் முடியாது, வேறு வாடிக்கையாளருக்கு ஒப்புக்கொண்டிருக்கிறேன்’ என்று அனுப்பிய ஒரு வாட்ஸ்அப் செய்தி பல பக்க ஒப்பந்தத்தைவிட அதிகம் பேசும். உங்களுக்குப் பதிலாக இன்னொருவரை அனுப்பியிருந்தால் யாரை, எந்த நாளில், அவருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்பது வேண்டும். கணினி, கேமரா, கருவிப்பெட்டி வாங்கிய ரசீதுகள், மற்ற வாடிக்கையாளர்களின் இன்வாய்ஸ்கள், விளம்பரச் செலவு, தொழில் காப்புறுதி இருந்தால் அதுவும். வாட்ஸ்அப்பை மட்டும் நம்ப வேண்டாம். தொலைபேசி மாறினால் போய்விடும். முக்கியமானவற்றை மாதத்துக்கு ஒருமுறை எடுத்துத் தேதியோடு ஒரே இடத்தில் சேமியுங்கள்.

குறிப்பைத் தமிழில் எழுதுவதில் தவறில்லை. கூடவே மலாயிலோ ஆங்கிலத்திலோ ஒரு வரி சேர்த்துவிட்டால், தணிக்கை வரும்போது மொழிபெயர்ப்புக்கு அலைய வேண்டியிராது.

இரண்டு ஆண்டாக ஒரே நிறுவனம். காலை 9 மணிக்குப் போக வேண்டும், அவர்கள் கணினி, விடுப்புக்கு அனுமதி கேட்க வேண்டும். நானும் இப்படியெல்லாம் எழுதி வைக்கலாமா?

நடந்ததை எழுதுங்கள். நடக்காததை எழுதக் கூடாது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் நீங்கள் ஊழியராகவே இருக்கக்கூடும், அதைக் குறிப்பேடு மாற்றாது. அப்போது நீங்கள் கேட்க வேண்டியது வேறு: சேமநிதி எங்கே? மாதம் 5,000 ரிங்கிட் வரை சம்பளம் உள்ள உள்நாட்டு ஊழியருக்கு முதலாளி 13 விழுக்காடும், அதற்கு மேல் 12 விழுக்காடும் ஊழியர் சேமநிதியில் கட்ட வேண்டும். சொக்சோவும் உண்டு. ‘ஃப்ரீலான்ஸ்’ என்று பெயர் சூட்டியதால் மட்டும் இவ்வளவையும் இழந்து நிற்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். வயதான காலத்துக்கான பணம் அது. உங்கள் குறிப்பேடு வரி அதிகாரியிடம் காட்ட உதவாமல் போனாலும் சேமநிதி அலுவலகத்திலும் தொழிலாளர் அலுவலகத்திலும் உதவும். அதற்காகவாவது எழுதுங்கள்.

மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிவு செய்துவிட்டேன். அதுவே சான்றாகாதா?

துணைச் சான்று, அவ்வளவுதான். தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் பதிவு செய்வது எப்படியும் கடமை.

சிங்கப்பூர் நிறுவனத்துக்கு பினாங்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். பணம் வெளிநாட்டிலிருந்து வருகிறது. இங்கே வரி உண்டா?

உண்டு. வேலை நடப்பது பினாங்கில். எனவே தொழில் வருமானமானாலும் வேலை வருமானமானாலும் அது மலேசியாவில் கிடைத்த வருமானமே. எந்த ஊரில் இருந்து வேலை செய்தீர்கள் என்பதையும் குறிப்பில் சேருங்கள்.

தொழில் என்று கணக்குக் காட்டுவதால் என்ன வேறுபாடு?

பாரம் பிஇக்குப் பதில் பாரம் பி. கெடு ஏப்ரல் 30க்குப் பதில் ஜூன் 30. இணையம் வழி அனுப்புவோருக்கு உள்நாட்டு வருமான வரி வாரியம் கூடுதலாக 15 நாள் தருவது வழக்கம். வருமானம் ஈட்டுவதற்காகவே செய்த செலவுகளை 33ஆம் பிரிவின்படி கழிக்கலாம். வீட்டுச் செலவை அதில் நுழைக்கக் கூடாது. மாதச் சம்பளத்தில் வரி பிடிக்கும் பிசிபி முறை உங்களுக்கு இல்லை, ஆகவே வாரியம் சிபி500 அனுப்பினால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தவணை கட்ட வேண்டும். வருமானம் குறைந்துவிட்டால் தவணையைக் குறைக்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம். பலர் அதைச் செய்யாமல் கடன் வாங்கிக் கட்டுகிறார்கள்.

ஆவணங்களை எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும்?

ஏழு ஆண்டு, மலேசியாவுக்குள். வைக்கத் தவறினால் 119ஏ பிரிவின்படி 300 முதல் 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

கிக் தொழிலாளர் சட்டம் வந்துவிட்டதே, இனி இந்தக் கவலை இல்லைதானே?

2025 ஆகஸ்டில் மக்களவை நிறைவேற்றிய அந்தச் சட்டம் உழைப்பவருக்கான பாதுகாப்பைப் பற்றியது. நல்ல சட்டம், வரவேற்க வேண்டியது. ஆனால் அது வரிச் சட்டம் அல்ல.

இதுவரை எதுவும் எழுதி வைக்கவில்லை. இப்போது என்ன செய்வது?

வங்கி அறிக்கையை எடுத்து, பணம் வந்த ஒவ்வொரு நாளுக்கும் எதிரே எந்த வேலைக்கு வந்தது என்று எழுதுங்கள். பழைய மின்னஞ்சல்களைத் தேடுங்கள். வேலை எப்படி நடந்தது என்பதை உறுதிப்படுத்தி ஒரு கடிதம் தரும்படி வாடிக்கையாளரைக் கேளுங்கள். பல நிறுவனங்கள் மறுப்பதில்லை. ஊழியரா இல்லையா என்ற தகராறு அவர்களையும் சேர்த்துத்தான் பாதிக்கும். இப்படித் திரட்டிய குறிப்பின் மேல் இன்றைய தேதியையே போடுங்கள். ‘நினைவிலிருந்தும் வங்கிக் கணக்கிலிருந்தும் எழுதியது’ என்று ஒரு வரி சேருங்கள். சென்ற ஆண்டுத் தேதியைப் போட்டு எழுதியது ஒரு பக்கத்தில் பிடிபட்டாலும், உண்மையாக எழுதிய மற்றப் பக்கங்களையும் யாரும் நம்ப மாட்டார்கள்.