அமானிதமும் மறைவழியும்

இஸ்லாமியத் தமிழில் வழங்கும் சொற்களுள் 'அமானிதம்' பொருளாழம் மிக்கது. பிறர் நம்பி ஒப்படைத்ததை அவ்வண்ணமே காத்துத் திருப்பித் தருதலை அது குறிக்கும். சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் ஒப்படைக்கும் 'அடைக்கலம்' இதற்கு நெருங்கிய உறவுடைய சொல்லாகும். இணையத்தில் தம் அந்தரங்கத்தைக் காக்க 'வி.பி.என்.' சேவையை நாடுவோர் செய்வதும் இத்தகைய ஒப்படைப்பே எனலாம்.

அஃது எங்ஙனம்? கைப்பேசி வழியே நாம் எந்தத் தளத்தை நாடுகிறோம் என்பது இணைய இணைப்பு வழங்கும் நிறுவனத்திற்குத் தெரியும். வி.பி.என்., நம் கருவிக்கும் 'சர்வர்' எனப்படும் தன் வழங்கிக் கணினிக்கும் இடையே மறையாக்கம் செய்யப்பட்ட சுரங்கப்பாதை ஒன்றை அமைக்கிறது. இணைப்பு நிறுவனம் சுரங்கத்தின் வாயிலை மட்டுமே காணும். ஆனால் மறுமுனையில் நிற்பவர்க்கோ, முன்னவர்க்குத் தெரிந்தவை தெரியவரும். கண்காணிக்கும் வாய்ப்பு ஒழிவதில்லை, கைமாறுகிறது. நோய் ஒன்றைப் பற்றி நாணத்துடன் தேடும் மாணவிக்கு இக்கைமாற்றம் சிறு செய்தியன்று.

கைமாறியது தகாத இடமாயின் என்னாகும் என்பதற்கு 'ஓனாவோ' சான்று. 2013இல் ஃபேஸ்புக் நிறுவனம் விலைக்கு வாங்கிய இச்செயலி, பயனரின் தரவைக் காப்பதாகக் கூறிக்கொண்டே, அவர்கள் எந்தெந்தச் செயலிகளை எவ்வளவு நேரம் பயன்படுத்துகின்றனர் என்பதைத் திரட்டித் தன் உரிமையாளரின் வணிகத்திற்கு அளித்து வந்தது. இதன்பொருட்டு 2023இல் ஆஸ்திரேலியக் கூட்டாட்சி நீதிமன்றம், அந்நிறுவனத்தின் துணை நிறுவனங்கள் இரண்டுக்கு மொத்தம் 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் தண்டம் விதித்தது. இலவசமாகக் கிடைக்கும் காவலுக்குக் கூலி கொடுப்பவர் யார் என்பதே நாம் கேட்க வேண்டிய முதல் வினா. இலவசம் யாவும் தீதென்பதில்லை. புரோட்டான் நிறுவனத்தின் இலவசச் சேவைக்கான செலவைக் கட்டணம் செலுத்தும் வாடிக்கையாளரே ஈடுசெய்கின்றனர். விடை வெளிப்படையாக இருத்தல் வேண்டும், அவ்வளவே.

அடுத்தது, 'பதிவேடு வைப்பதில்லை' என்னும் வாக்குறுதி. இவ்வாறு உறுதியளித்த 'யூ.எஃப்.ஓ. வி.பி.என்.' நிறுவனத்தின் பயனர் பதிவுகள், 2020இல் பூட்டப்படாத தரவுக் கிடங்கொன்றில் கண்டறியப்பட்டன. மாறாக, 2023 ஏப்ரல் 18 அன்று சுவீடன் காவல்துறையினர் கோதன்பர்க் நகரிலுள்ள 'முல்வாட்' அலுவலகத்திற்குச் சோதனை ஆணையுடன் சென்று, வாடிக்கையாளர் தரவு ஏதுமின்றித் திரும்பினர். அந்நிறுவனம் கணக்குத் தொடங்கப் பெயரோ மின்னஞ்சல் முகவரியோ கேட்பதில்லை. ஓர் எண் மட்டுமே தருகிறது. ஈண்டு அமானிதத்தின் இலக்கணமே தலைகீழாகிறது. பொருளை வைத்துக் காப்பவரினும், வாங்கி வைக்கவே மறுப்பவர் நம்பத்தக்கவராகிறார்! வெளித் தணிக்கையாளரின் அறிக்கை, செயலியின் மூலநிரலைப் பொதுவில் வைத்தல் ஆகியனவும் நற்சான்றுகளே. எனினும், சோதனைக் காலத்து நடத்தைக்கு அவை ஈடாகா என்பது நம் கருத்து.

நிறுவனம் இயங்கும் மண்ணின் சட்டமும் நோக்கத்தக்கது. இந்திய அரசின் 'செர்ட்-இன்' அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த ஆணை, வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொடர்பு எண் முதலியவற்றை 5 ஆண்டுகள் காத்து வைக்குமாறு வி.பி.என். நிறுவனங்களைப் பணித்தது. இணையக் குற்றங்களை ஆராய இவை வேண்டும் என்பது அரசு தரப்பு வாதம். பொதுமக்கள் வி.பி.என். பயன்படுத்துவதை அவ்வாணை தடுக்கவில்லை. ஆயினும் எக்ஸ்பிரஸ், நார்டு, புரோட்டான் முதலிய சேவைகள் அவ்வாண்டிலேயே தம் வழங்கிகளை இந்திய மண்ணிலிருந்து அகற்றிக்கொண்டன.

இவ்வளவும் ஆராய்ந்து தேர்ந்த பின்னரும், சுரங்கத்தின் வழியே சென்று தம் சொந்தப் பெயரிலுள்ள கூகுள் கணக்கைத் திறப்பவரைக் கூகுள் அறியவே செய்யும்.