பழைய கணினியில் உறங்கும் குடும்பப் படங்கள்

வீட்டுப் பரணிலோ கட்டிலுக்கு அடியிலோ பழைய போர்வை போர்த்திய கணினிப் பெட்டி ஒன்று கிடப்பது நம்மில் பலருக்கும் பழகிய காட்சி. அதை இயக்கிப் பத்து ஆண்டுகள் ஆகியிருக்கும். என்றோ ஓர் ஆயுத பூஜையில் இட்ட சந்தனப் பொட்டு மட்டும் முகப்பில் காய்ந்து ஒட்டியிருக்கும். பழைய சாமான் கடைக்குப் போடலாம் என்று எடுக்கும்போதெல்லாம், "அதில் படங்கள் இருக்கின்றனவே" என்று வீட்டில் ஒருவர் நினைவூட்டுவார். பெட்டி மீண்டும் பரணேறிவிடும்.

அந்த நினைவூட்டல் மிகவும் நியாயமானது. படச்சுருள் காலத்துப் படங்களுக்கு ஆல்பமும் நெகடிவும் உண்டு. திறன்பேசிக் காலத்துப் படங்கள் பெரும்பாலும் இணையச் சேமிப்புக்குத் தாமாகவே சென்றுவிடுகின்றன. கூகுள் போட்டோஸ் சேவை தொடங்கியதே 2015-இல்தான். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் சிறிய டிஜிட்டல் கேமராவால் எடுத்தவற்றுக்குப் பல வீடுகளில் அச்சுப்படியும் இல்லை, இணையப்படியும் இல்லை. பிள்ளைகளின் முதல் பள்ளி நாளும் தாத்தாவின் சதாபிஷேகமும் அந்த ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன. பெட்டியோ பயன்படுத்தாமலிருக்கும் போதும் மூப்படைந்துகொண்டே இருக்கிறது.

எனவே, "இந்த முறை இயங்கினால் இதுவே கடைசி முறை" என்று எண்ணிக்கொண்டு தொடங்குவதே நலம். உடனே மின்சாரம் கொடுத்துவிட வேண்டாம். பெட்டியின் பக்கவாட்டு மூடியைத் திறந்து, விசிறியிலும் காற்றுத் துளைகளிலும் படிந்த தூசியை மென்மையான தூரிகையால் அகற்றலாம். மின்னழுத்தம் ஏறி இறங்கும் பகுதியாயின், நல்ல நிலையிலுள்ள யுபிஎஸ் வழியாக இணைப்பது பாதுகாப்பு. இயக்கியதும் திரையில் தேதி தவறு என்றோ 'எஃப்1' விசையை அழுத்துமாறோ செய்தி வந்தால் அஞ்ச வேண்டியதில்லை. தாய்ப்பலகையில் உள்ள நாணய வடிவ பேட்டரி தீர்ந்துவிட்டது என்பதே அதன் பொருள். படங்களுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

கணினி இயங்கிவிட்டதா? மகிழ்ச்சி. ஆனால் இணையத்தோடு மட்டும் இணைத்துவிட வேண்டாம். விண்டோஸ் எக்ஸ்பிக்கான பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசாப்ட் 2014 ஏப்ரல் 8-ஆம் நாளோடு நிறுத்திக்கொண்டது. மின்னஞ்சல் வழியே படங்களை அனுப்பிக்கொள்ளலாம் என்ற எண்ணத்தைக் கைவிட்டுப் பென்டிரைவை நாடுவோம். 32 ஜிபி அல்லது அதற்குக் குறைந்த கொள்ளளவு உள்ளதாக இருப்பது நல்லது. பெரிய பென்டிரைவுகள் பெரும்பாலும் புதிய கோப்பு முறையில் வருவதால், எக்ஸ்பி அவற்றை அடையாளம் காணாமல் போகலாம்.

படங்களை 'மை பிக்சர்ஸ்' கோப்புறையில் மட்டும் தேடினால் பாதிதான் கிடைக்கும். எக்ஸ்பியில் அக்கோப்புறை, 'டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்' என்பதற்குள் ஒவ்வொரு பயனர் பெயரின் கீழும் தனித்தனியே இருக்கும். மகள் பெயரில் ஒரு கணக்கு இருந்தது என்பதே நமக்கு மறந்து போயிருக்கும். 'டி' டிரைவில் 'நியூ ஃபோல்டர்', 'நியூ ஃபோல்டர் 2' என்று பெயரே வைக்காமல் விட்ட கோப்புறைகளையும் பார்க்க வேண்டும். குடும்பத்தின் அருமையான படங்கள் ஏனோ அவற்றில்தான் ஒளிந்திருக்கின்றன. எதையும் வெட்டி ஒட்டாமல், நகல் மட்டும் எடுங்கள். எது வேண்டும், எது வேண்டாம் என்று அங்கேயே அமர்ந்து தரம் பிரிக்கவும் வேண்டாம்; அது பிறகு ஆற அமரச் செய்ய வேண்டிய வேலை. மிகப் பழைய கணினியின் யுஎஸ்பி வாயில் 10 ஜிபி நகலாவதற்கு ஏறத்தாழ மூன்று மணி நேரம் பிடிக்கக்கூடும் என்பதால் பொறுமையும் தேவை.

கணினி இயங்கவே இல்லையென்றாலும் படங்கள் போய்விட்டன என்று முடிவு கட்டிவிட வேண்டாம். பழுதானது மின்வழங்கிப் பெட்டியாகவோ தாய்ப்பலகையாகவோ இருக்கலாம். படங்கள் இருப்பது ஹார்டு டிஸ்க்கில். அதைத் தனியே கழற்றி, இன்றைய மடிக்கணினியில் அடாப்டர் மூலம் இணைக்க முடியும். கழற்றும்போது கேபிளைக் கவனியுங்கள். அகலமான பட்டை கேபிள் என்றால் 'ஐடிஇ' வகை. விரல் அகலமும் இல்லாத மெல்லிய கேபிள் என்றால் 'சாட்டா' வகை. வகையைச் சொல்லித்தான் அடாப்டர் வாங்க வேண்டும். மேசைக்கணினியின் பெரிய ஹார்டு டிஸ்க்குக்குத் தனி மின்னிணைப்புள்ள அடாப்டரே பொருந்தும். இணைத்ததும் "ஃபார்மட் செய்யட்டுமா?" என்று கணினி கேட்டால், எக்காரணம் கொண்டும் ஒப்புதல் தராதீர்கள்.

ஓர் எச்சரிக்கையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் ஆசிரியர் குழுவைச் சேர்ந்த ஒருவரின் வீட்டுக் கணினி, வங்கிப் பணியின் இடமாற்றங்களோடு நாக்பூர், போபால், சென்னை என்று லாரிகளில் பயணித்தது. அண்மையில் அதை இயக்கியபோது 'டக், டக்' என்று சீரான ஒலி எழுந்தது. அடுத்த முறை சரியாகிவிடும் என்று அவர் ஒரு மாலை முழுவதும் அதை அணைத்து அணைத்து இயக்கினார். வட்டின் மேற்பரப்பை மயிரிழை உயரத்தில் மிதந்தபடி படிக்க வேண்டிய முனை பழுதாகியிருந்தது. ஒவ்வொரு முறை இயக்கும்போதும் வட்டு கீறல் பட்டுக்கொண்டே இருந்தது. மீட்பு நிலையத்தார் திறந்து பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டனர். முதல் ஒலியிலேயே நிறுத்தியிருந்தால் வாய்ப்பு இருந்திருக்கலாம். தட்டிப் பார்ப்பது, குளிர்பதனப் பெட்டியில் வைத்து எடுப்பது போன்ற செவிவழி வைத்தியங்களும் கேட்டையே விளைவிக்கும்.

வெளியாரிடம் தர நேர்ந்தால், வங்கி என்ற முறையில் நாங்கள் கூறக் கடமைப்பட்ட செய்தி ஒன்று உண்டு. அந்த ஹார்டு டிஸ்க்கில் படங்கள் மட்டும் இல்லை. பான் அட்டையின் ஸ்கேன் பிரதி, படிவம் 16, கணக்கு அறிக்கைகள், உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள் ஆகியவையும் இருக்கும். ரசீது தரும் நிலையத்தை மட்டுமே நாடுங்கள். தொலைவிலிருந்தே சரிசெய்து தருகிறோம் என்று தொலைபேசியில் அழைத்துத் திரைப்பகிர்வுச் செயலியை நிறுவச் சொல்பவர்களுக்கு இடம் தராதீர்கள். பழைய கடவுச்சொல் எதையேனும் இன்னமும் பயன்படுத்தி வந்தால் இன்றே மாற்றிவிடுங்கள்.

மீட்ட படங்களுக்கு ஒரு நகல் போதாது. வெளிப்புற ஹார்டு டிஸ்க் இரண்டில் ஒவ்வொன்றும், இணையச் சேமிப்பில் ஒன்றும் இருக்கட்டும். அவற்றுள் ஒன்றை உறவினர் வீட்டிலோ வங்கிப் பெட்டகத்திலோ வைக்கலாம். ஆண்டுக்கொருமுறை நகை எடுக்க வரும்போது அதையும் எடுத்து இயக்கிப் பாருங்கள். நகல்கள் திறக்கின்றன என்று உறுதி செய்த பின்னரே பழைய பெட்டிக்கு விடை கொடுக்கலாம். கோப்புகளை அழிப்பதாலோ விரைவு ஃபார்மட் செய்வதாலோ தகவல்கள் உண்மையில் மறைவதில்லை. டிஸ்க் முழுவதையும் மேலெழுதி அழிக்கும் மென்பொருளைப் பயன்படுத்த வேண்டும், அல்லது டிஸ்க்கையே உடைத்துவிட வேண்டும். எஞ்சியதைப் பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் ஒப்படைக்கலாம்.

தரம் பிரிக்க அமரும் நாளில், பல படங்கள் ஒரே தேதியைக் காட்டுவதைக் காண்பீர்கள். பேட்டரி மாற்றியபின் கேமராவின் கடிகாரத்தை யாரும் திருத்தவில்லை என்பதே காரணம். அம்மாவையோ அத்தையையோ அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். புடவையைப் பார்த்தே அது எந்த ஆண்டுத் தீபாவளி என்று அவர்கள் சொல்லிவிடுவார்கள். அந்த ஆண்டையும் படத்தில் இருப்பவர்களின் பெயர்களையும் கோப்புறையின் பெயரிலேயே எழுதிவிடலாம்.