துடிக்கும் துருவ ஒளி

ஹிஜ்ரி 309 (கி.பி. 921)இல் அப்பாஸியக் கலீஃபா முக்ததிரின் தூதுக்குழுவில் பக்தாதிலிருந்து புறப்பட்ட இப்னு ஃபள்லான், வோல்கா நதிக்கரைப் பல்கார் நாட்டில் செந்நிற மேகங்கள் படைகளெனப் பொருதுவதைக் கண்டு எழுதிவைத்தார். அது துருவ ஒளியே என்பது ஆய்வாளர் கருத்து.

அவ்வொளியில் ஒரு வகை, சில நொடிகள் முதல் சில பத்து நொடிகள் வரையிலான இடைவெளியில் ஒளிர்ந்தும் மங்கியும் துடிப்பதாகும். திரைபோல் ஆடும் பேரொளி அடங்கியபின், பெரும்பாலும் நள்ளிரவு கடந்து, ஏறத்தாழ 100 கி.மீ. உயரத்தில் மங்கிய திட்டுகளாக இது தோன்றும்.

இத்துடிப்பின் ஊற்று வளிமண்டலத்தில் இல்லை. புவியின் நடுக்கோட்டுக்கு மேலே, பல்லாயிரம் கி.மீ. தொலைவில், காந்தப்புலத்தில் சிறைப்பட்ட பிளாஸ்மாவில் உள்ளது. ஆங்கு எலக்ட்ரான்கள் காந்தக் கோடுகளின் வழியே வடக்கும் தெற்குமாக அலைந்துகொண்டிருக்கின்றன. ‘கோரஸ்’ எனப்படும் மின்காந்த அலைகள் எழும்போதெல்லாம் அவற்றுள் ஒரு பகுதி திசை மாறி வளிமண்டலத்துள் பாய்கிறது. ஆக்சிஜனும் நைட்ரஜனும் ஒளிர்கின்றன. அலை அடங்கினால் ஒளியும் மங்கும். அலையின் தாளமே ஒளியின் தாளம். இத்தொடர்பை ஜப்பானின் ‘அராசே’ செயற்கைக்கோளின் அளவீடுகள் 2018இல் நேரடியாக மெய்ப்பித்தன.

இது வெறும் காட்சியின்பம் அன்று. மிகு ஆற்றலுடைய எலக்ட்ரான்கள் 70 கி.மீ.க்கும் கீழே இறங்கி, அவ்வடுக்கிலுள்ள ஓசோனைக் குறைக்க வல்லவை என 2021இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே, துடிக்கும் அந்த மெல்லொளி, விண்வெளியின் கொந்தளிப்பு நம் காற்று மண்டலத்தைத் தீண்டுவதற்கான கண்கூடான சான்றாகும்.