உங்களுக்குத் தெரியுமா? துண்டு துண்டாக வந்து முழுசாகும் கோப்புகள்!

லினக்ஸ் பிறக்கப்போகிற சேதி முதலில் வெளியானது பத்திரிகையில் இல்லை, டி.வி.யிலும் இல்லை. கணினிகள் வழியே செய்தி பகிரும் யூஸ்நெட் செய்திக்குழுவில்! 1991 ஆகஸ்ட் 25 அன்று ‘காம்ப்.ஓஎஸ்.மினிக்ஸ்’ குழுவில் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிப் போட்டார். அப்போது அவருக்கு வயது 21!

சும்மா பொழுதுபோக்குக்குத்தான் செய்கிறேன், பெரிய அளவில் வராது என்று அவரே அதில் எழுதியிருந்தார். 2017 நவம்பர் பட்டியலில் உலகின் தலைசிறந்த 500 சூப்பர் கம்ப்யூட்டர்களில் லினக்ஸ் ஓடியவை எத்தனை தெரியுமா? 500!

அதே 1991 ஆகஸ்ட் 6-ம் தேதி ‘ஆல்ட்.ஹைப்பர்டெக்ஸ்ட்’ குழுவில் இன்னொருவர் தன் வேலையை அறிவித்தார். அவர் டிம் பெர்னர்ஸ்-லீ. அறிவித்தது வேர்ல்டு வைடு வெப்! இரண்டு அறிவிப்புகளுக்கும் நடுவே வெறும் 19 நாள்!

யூஸ்நெட் அதைவிட மூத்தது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் டாம் டிரஸ்காட்டும் ஜிம் எல்லிஸும் யோசித்தது 1979-ல். வெப் வருவதற்கு 12 வருஷம் முன்பே!

அன்றைய மோடம் வேகம் 300 பாட். விநாடிக்குச் சுமார் 30 எழுத்துதான்! இன்று பெரிய கோப்புகள் செய்திக்குழுவில் துண்டு துண்டாகப் போகின்றன. அப்படிப்பட்ட 700 கேபி துண்டு ஒன்றை அந்த மோடத்தில் இறக்கியிருந்தால் ஆறரை மணி நேரம் ஆகியிருக்கும். ஒரே ஒரு துண்டுக்கு!

நமக்கும் அங்கே ஒரு திண்ணை இருந்தது! பெயர் ‘சாக்.கல்ச்சர்.தமிழ்’. தமிழ் எழுத்துரு கைக்கு வராத காலம். ஆங்கில எழுத்திலேயே தமிழைத் தட்டி அரட்டை அடித்தார்கள்!

இறக்கு!

யூஸ்நெட் எழுத்துக்காகவே பிறந்தது. படமோ பாட்டோ மென்பொருளோ, எதுவானாலும் எழுத்து வேஷம் போட்டால்தான் உள்ளே விடும்! 1980-ல் அந்த வேஷத்தைத் தைத்துக் கொடுத்தவர் மேரி ஆன் ஹார்ட்டன். பெயர் யுயுஎன்கோட்!

யுயுஎன்கோட் செய்த கோப்பைத் திறந்து பாருங்கள். முழு வரி ஒவ்வொன்றும் ஆங்கிலப் பெரிய ‘எம்’ எழுத்தில்தான் தொடங்கும். ஆயிரம் வரி இருந்தால் ஆயிரம் ‘எம்’!

அந்த வேஷத்துக்குத் துணி நிறைய வேண்டும். 3 பைட் உள்ளே போனால் 4 எழுத்தாக வெளியே வரும். 3 ஜிபி கோப்பு 4 ஜிபியைத் தாண்டிப் பெருத்துவிடும்!

பிறகு வந்தார் ஜெர்மனியின் யூர்கன் ஹெல்பிங். அவருடைய ஒய்என்க் முறையில் கூடுதல் சுமை 1 முதல் 2 சதவீதம்தான். அதே 3 ஜிபிக்கு அதிகபட்சம் 60 எம்பி!

ஒய்என்க் ரகசியம் என்ன? ஒவ்வொரு பைட்டோடும் ஓர் எண்ணைக் கூட்டுவது. அவ்வளவே! ஆங்கிலப் பெரிய ‘ஏ’ உள்ளே போனால் சின்ன ‘கே’ ஆக வெளியே வரும். கூட்டும் எண்? 42!

ஒரு பைட்டுக்கு 256 மதிப்புகள். அவற்றில் ஒய்என்க் கட்டாயம் ஒதுக்கி மாற்றுவது எத்தனை? வெறும் 4!

பைத்தான் மொழி தெரியும்தானே? 1991 பிப்ரவரியில் கீடோ வான் ராசம் அதை உலகுக்குக் கொடுத்ததும் செய்திக்குழு வழியாகத்தான். ஒரே கோப்பாக இல்லை. 21 துண்டுகளாக!

இன்று லினக்ஸில் செய்திக்குழுக் கோப்புகளை இறக்கித் தரும் பிரபல கட்டற்ற மென்பொருள் சாப்என்இஸட்பிடி. அது எந்த மொழியில் எழுதப்பட்டது? அதே பைத்தானில்!

என்இஸட்பி கோப்பு கையில் இருந்தால் எல்லாம் கிடைக்கும். ஆனால் அதற்குள் நீங்கள் கேட்ட கோப்பின் ஒரு பைட்கூட இருக்காது! துண்டுகளின் முகவரிப் பட்டியல் மட்டும்தான். சாதாரண டெக்ஸ்ட் எடிட்டரிலேயே திறந்து படிக்கலாம்!

1 ஜிபி கோப்புக்கு எத்தனை முகவரி இருக்கும்? துண்டுக்கு 700 கேபி வைத்துக் கணக்குப் போட்டேன். ஆயிரத்து நானூறுக்கும் மேல்!

செய்தி முடிந்தது என்று சர்வர் எப்படிச் சொல்லும்? தனி வரியில் ஒரு புள்ளி. அதோடு சரி! செய்திக்குழு சர்வர்கள் பேசிக்கொள்ள 1986-ல் வகுத்த என்என்டிபி விதி அது. உங்கள் வரியே புள்ளியில் தொடங்கினால்? சர்வர் இன்னொரு புள்ளியைச் சேர்த்து இரண்டாக்கி அனுப்பும்!

அந்த சர்வரின் கதவு (போர்ட்) எண் 119. பூட்டுப் போட்ட ரகசியக் கதவு வேண்டுமா? 563!

கோப்பிறக்கும் இன்னொரு மென்பொருளான என்இஸட்பிகெட்டை நிறுவினால் அதற்கென முன்பே வைத்த கடவுச்சொல் ஒன்று உண்டு. மென்பொருளின் பெயரை ஆங்கிலத்தில் கடைசியிலிருந்து முதலுக்கு எழுதுங்கள். கூடவே 6789! முதல் வேலையாக அதை மாற்றிவிடுங்கள்!

ஒட்டு!

ஆயிரத்து நானூறு துண்டில் ஐந்தாறு வரவில்லை. கோப்பு போச்சா? இல்லவே இல்லை! பார்2 கோப்பு பக்கத்தில் இருந்தால் போதும். காணாமல்போன துண்டை அது கணக்குப் போட்டே பிறப்பிக்கும்!

எந்தத் துண்டு போகும் என்று பார்2-க்கு முன்கூட்டியே தெரியாது. தெரியவும் வேண்டாம்! கோப்பை அது கட்டம் கட்டமாகப் பார்க்கும். 10 கட்டங்கள் தொலைந்தால் பார்2-வில் உள்ள ஏதாவது 10 மீட்புக் கட்டங்கள் போதும். எந்தப் பல் விழுந்தாலும் ஒரே பல்செட் கச்சிதமாகப் பொருந்துகிற மாதிரி!

இந்தக் கணக்கின் அடித்தளம் 1960-ல் வந்த ஒரு கட்டுரை. எழுதியவர்கள் இர்விங் ரீட், குஸ்தாவ் சாலமன். மொத்தமே 5 பக்கம்!

அதே ரீட்-சாலமன் கணக்குதான் வாயேஜர் 2 விண்கலம் யுரேனஸிலிருந்து அனுப்பிய படங்களையும் காப்பாற்றியது. வருஷம் 1986!

அதே கணக்கு டீக்கடைக் கல்லாவிலும் ஒட்டியிருக்கிறது! க்யூஆர் கோடு கிழிந்தும் கறை பட்டும் ஸ்கேன் ஆவது அதனால்தான். அதன் உச்ச நிலையில் எவ்வளவு சேதம் தாங்கும்? சுமார் 30 சதவீதம்!

பார்2 கணக்குப் போடும் எண் உலகத்துக்கு ‘கால்வா களம்’ என்று பெயர். எவரிஸ்ட் கால்வா பிரான்ஸ்காரர். துப்பாக்கிச் சண்டையில் குண்டடிபட்டு 1832-ல் இறந்தார். வயது 20! உங்கள் லினக்ஸ் இன்று கோப்பை ஒட்டுவது அந்த இளைஞன் திறந்துவிட்ட கணிதத்தால்!

அந்தக் களத்தில் மொத்த எண்கள் 65,536. ஒரு பார்2 தொகுப்பு காக்கக்கூடிய மூலக் கட்டங்கள்? 32,768!

பார்2 கோப்புகளின் பெயரில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. வழக்கமாக முதல் மீட்புக் கோப்பில் 1 மீட்புக் கட்டம். அடுத்ததில் 2. பிறகு 4, 8, 16, 32! எத்தனை குறைகிறதோ அத்தனைக்கு மட்டும் இறக்கினால் போதும். ஆறே கோப்பில் 63 கட்டம்!

கோப்பின் பெயரை யாரோ கன்னாபின்னாவென்று மாற்றிவிட்டார்களா? பார்2 கவலையே படாது. உள்ளடக்கத்தைப் பார்த்தே அடையாளம் கண்டு பழைய பெயரைத் திருப்பி வைக்கும்! அடையாளத்துக்கு அது முதலில் பார்ப்பது ஆரம்ப 16 கேபியை!

லினக்ஸில் ‘பார்2கிரியேட்’, ‘பார்2வெரிஃபை’, ‘பார்2ரிப்பேர்’ என்று மூன்று கட்டளைகள். மூன்று மென்பொருளா? இல்லை! கூப்பிட்ட பெயரைப் பார்த்து வேலையை மாற்றிக்கொள்ளும் ஒரே மென்பொருள்!

ஒட்டி முடித்தபின் உடைந்த கோப்பை அது தூக்கிப் போடாது. பெயருக்குப் பின்னால் ‘.1’ சேர்த்துப் பத்திரமாக வைத்திருக்கும்!

செய்திக்குழுவுக்கு மட்டும்தானா இது? உங்கள் கல்யாண போட்டோக்களுக்கும் பார்2 போட்டு வைக்கலாம்! வட்டில் ஒரு மூலை கெட்டாலும் படம் மீளும். அளவு எதுவும் சொல்லாமல் விட்டால் அது சேர்க்கும் பாதுகாப்பு 5 சதவீதம்!

பிரி!

கோப்புகளைச் சுருக்கிப் பாகங்களாக வெட்டித் தருவது ரார். அந்தப் பெயரின் முதல் எழுத்து ஒரு மனிதரைக் குறிக்கும்! யூஜின் ரோஷால். ரஷ்யர். முதல் பதிப்பு வந்தது 1993-ல்!

ரார் கோப்பின் முதல் நான்கு பைட்டுகளைப் பாருங்கள். ஆங்கிலத்தில் ‘ரார்’ என்ற மூன்று எழுத்து. நான்காவது? ஓர் ஆச்சரியக்குறி! கோப்பே நம்மைப் பார்த்து வியக்கிறது!

பழைய பாணி ரார் தொகுப்பில் பாகங்கள் ‘ஆர்00’, ‘ஆர்01’ என்று போகும். ‘ஆர்99’ முடிந்துவிட்டால்? எழுத்தே மாறிவிடும்! அடுத்தது ‘எஸ்00’!

நூறு பாகம் இருந்தாலும் நூறு முறை தட்ட வேண்டாம். ராரைப் பிரிக்கும் ‘அன்ரார் எக்ஸ்’ கட்டளைக்கு முதல் பாகத்தை மட்டும் காட்டுங்கள். மீதி 99-ஐ அதுவே தேடிச் சேர்க்கும்!

‘எக்ஸ்’ போட்டால் உள்ளே இருக்கும் கோப்புறைகள் அப்படியே வரும். ‘இ’ போட்டால் எல்லாம் ஒரே இடத்தில் கொட்டிவிடும். வித்தியாசம் ஓர் எழுத்து!

அன்ரார் நிரலை யாரும் திறந்து படிக்கலாம். ஆனால் அதை வைத்து ரார் சுருக்கும் முறையைத் திரும்ப உருவாக்கக் கூடாது! அதனால் டெபியன் என்ற லினக்ஸ் வெளியீடு அதைக் கட்டற்றவை அல்லாத தனி அலமாரியில்தான் வைத்திருக்கிறது!

வெறுமனே 001, 002 என்று வெட்டிய கோப்பா? ஒட்டுவதற்குத் தனி மென்பொருளே வேண்டாம். ‘கேட்’ கட்டளை போதும். அது யூனிக்ஸ் இயங்குதளத்தின் முதல் பதிப்பிலேயே இருந்தது. வருஷம் 1971!

எல்லாத் துண்டும் வந்த பிறகுதான் பிரிக்க வேண்டும் என்று யார் சொன்னது? சாப்என்இஸட்பிடி ஒரு பக்கம் இறக்கும். மறுபக்கம் பிரித்துக்கொண்டே வரும்!

கடைசியாக ஒன்று!

பழைய செய்திகள் எப்படிப் பிழைத்தன? டொரன்டோ பல்கலைக்கழக விலங்கியல் துறையில் ஹென்றி ஸ்பென்சர் காந்த நாடாவில் சேர்த்து வைத்தார். 141 நாடாக்கள். சுமார் 20 லட்சம் செய்திகள்!

எல்லாம் தொடங்கிய டியூக் பல்கலைக்கழகம் தன் யூஸ்நெட் சர்வரை 2010 மே 20 அன்று அணைத்தது. யூஸ்நெட் அணைந்ததா? இல்லை! 15 வருஷத்துக்கு முந்தைய துண்டையும் எடுத்துத் தரும் சர்வர்கள் இன்றும் ஓடுகின்றன!

இதைத்தான் கடைசிக்கு ஒளித்து வைத்திருந்தேன். கட்டற்ற மென்பொருளுக்கான க்னூ திட்டம் 1983. பைத்தான் 1991. லினக்ஸ் 1991. டெபியன் 1993. நான்கும் முதன்முதலில் உலகுக்கு அறிமுகமானது செய்திக்குழுவில்! டெபியனில் சாப்என்இஸட்பிடியை ஓட்டிப் பாருங்கள். நீங்கள் ஒரு கோப்பை இறக்கும்போது யூஸ்நெட் பாட்டி வீட்டுக் கிணற்றில் ஒன்றாக நீர் இறைப்பவர்கள் எத்தனை பேர் தெரியுமா? பேரப்பிள்ளைகள் 4 பேரும்!