நில அசைவு முன்கணிப்பில் எஞ்சும் மாறுபாடும் நிலநடுக்க மூலத்தின் பண்புகளும்

ஆய்வுச் சுருக்கம்

நில அசைவு முன்கணிப்புச் சமன்பாடுகளில் எஞ்சும் மாறுபாட்டில் நிலநடுக்க மூலத்திற்குரிய பங்கை இக்கட்டுரை விளக்குகிறது. மூலப் பண்புகள் யாவும் நடுக்கங்களுக்கிடையிலான மாறுபாடாகவே வெளிப்படும் என்னும் கருத்து முழுமையானதன்று என்பதைக் கலிபோர்னியாவின் இரு நிலநடுக்கங்களைக் கொண்டு நிறுவுகிறது.

குறிச்சொற்கள்: நில அசைவு, முன்கணிப்புச் சமன்பாடு, தகைவு வீழ்ச்சி, திசைச்சார்பு, திட்டவிலக்கம்.

முன்னுரை

அணை, பாலம், அணுமின் நிலையம் முதலியவற்றை வடிவமைப்போர், வருங்கால நிலநடுக்கத்தில் அவ்விடம் எவ்வளவு வலுவாக அசையும் என்பதை முன்கூட்டியே மதிப்பிட வேண்டியுள்ளது. நடுக்கத்தின் அளவு, பிளவிலிருந்து உள்ள தொலைவு, பிளவின் வகை, மண்ணின் தன்மை ஆகியவற்றைக் கொண்டு முன்கணிப்புச் சமன்பாடுகள் ஓர் இடைநிலை மதிப்பைத் தருகின்றன. பதிவான மதிப்புகளோ அதன் இருபுறமும் சிதறிக் காணப்படுகின்றன. இச்சிதறலைக் கருவிப் பிழை எனக் கொள்ளுதல் பொருந்தாது. சமன்பாட்டில் இடம்பெறாத இயற்பியல் காரணிகளே இதற்குப் பெரிதும் காரணமாகின்றன.

மாறுபாட்டின் இரு கூறுகள்

ஒரு நடுக்கத்தின் பதிவுகள் சராசரியாக இடைநிலை மதிப்பிலிருந்து விலகுவது நடுக்கங்களுக்கிடையிலான மாறுபாடு ஆகும். அந்நடுக்கத்தின் சராசரியிலிருந்து ஒவ்வொரு நிலையமும் விலகுவது நடுக்கத்திற்குள்ளான மாறுபாடு ஆகும். எடுத்துக்காட்டாக, இயல் மடக்கை அலகில் இவற்றின் திட்டவிலக்கங்கள் முறையே 0.4, 0.6 எனக் கொண்டால், வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் காண மொத்த விலக்கம் 0.72 ஆகும். இது ஏறத்தாழ இருமடங்கு வேறுபாட்டைக் குறிக்கும். இடைநிலை மதிப்பு புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.20 பங்கு எனில், ஒரு திட்டவிலக்க எல்லைக்குள் அது 0.10 முதல் 0.41 வரை அமையலாம்.

தகைவு வீழ்ச்சி

ஒரே அளவுடைய இரு நடுக்கங்கள் ஒரே வலுவுடன் நிலத்தை அசைப்பதில்லை. பிளவு நழுவும்போது அதன்மீதுள்ள தகைவு குறையும் அளவே தகைவு வீழ்ச்சி எனப்படும். புரூன் 1970-இல் முன்வைத்த மூல மாதிரியின்படி, நடுக்கத்தின் அளவு மாறாதபோது உயர் அதிர்வெண் முடுக்க நிறமாலை தகைவு வீழ்ச்சியின் 2/3 அடுக்குக்கு நேர்விகிதத்தில் அமையும். தகைவு வீழ்ச்சி 8 மடங்கானால் அந்நிறமாலை 4 மடங்காகும். எல்லா நிலையங்களின் மதிப்பையும் ஒருங்கே உயர்த்துவதால், இது நடுக்கங்களுக்கிடையிலான மாறுபாட்டில் சேர்கிறது.

திசைச்சார்பும் பிளவின் வடிவமும்

1992 ஜூன் 28 அன்று நிகழ்ந்த லேண்டர்ஸ் நிலநடுக்கத்தில் (அளவு 7.3) முறிவு தெற்கில் தொடங்கி வடக்கு நோக்கிப் பரவியது. வெளிமையத்திற்கு அண்மையிலிருந்த ஜோசுவா ட்ரீ நிலையத்தில் வீச்சு குறைந்த, நெடுநேரம் நீடித்த அசைவு பதிவாயிற்று. வெளிமையத்திற்குத் தொலைவில், முறிவு சென்ற திசையில் பிளவை ஒட்டி அமைந்த லூசர்ன் நிலையத்திலோ குறுகிய, வலுவான திசைவேகத் துடிப்பு பதிவாயிற்று. முறிவு குறுக்கலையின் வேகத்திற்கு நெருங்கிய வேகத்தில் முன்னேறும்போது, ஆற்றல் முன்திசையில் குவிந்து ஏறத்தாழ ஒருசேர வந்தடைகிறது. பிளவிலிருந்து உள்ள தொலைவும் ஒரு காரணமே. எனினும் கால அளவில் தோன்றும் வேறுபாட்டை அது மட்டும் விளக்காது.

1994 ஜனவரி 17 அன்று நிகழ்ந்த நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தில் (அளவு 6.7), சாய்ந்த பிளவுக்கு மேலுள்ள பாறைத் தொகுதியில் முடுக்கம் மிகுந்திருந்தது. பிளவிலிருந்து அதே தொலைவில் கீழ்த்தொகுதியில் அமைந்த இடங்களில் அது குறைவாக இருந்தது.

இவ்விரண்டும் மூலத்தைச் சார்ந்தவையே. ஆயினும் சில நிலையங்களின் மதிப்பை உயர்த்தியும் சிலவற்றைத் தாழ்த்தியும் செயற்படுவதால், சமன்பாட்டில் சேர்க்கப்படாதபோது இவை நடுக்கத்திற்குள்ளான மாறுபாடாகத் தோன்றுகின்றன. எனவே அம்மாறுபாட்டை முழுவதும் அலைசெல் வழிக்கும் மண்ணுக்கும் உரியதாகக் கொள்ளுதல் பிழையாகும்.

இடர் மதிப்பீட்டில் விளைவு

பிளவின் சாய்வு முன்னரே அறியப்பட்டிருப்பின், அதற்குரிய உறுப்பைச் சமன்பாட்டில் சேர்த்து மாறுபாட்டைக் குறைக்கலாம். திசைச்சார்பு அத்தகையதன்று. வருங்கால முறிவு எவ்விடத்தில் தொடங்கும் என்பது அறியப்படாதது. ஆதலால் திசைச்சார்புக்கு உறுப்பைச் சேர்ப்போர், முறிவு தொடங்கக்கூடிய இடங்கள் அனைத்தையும் அவற்றின் நிகழ்தகவுடன் கணக்கில் கொள்ள வேண்டும். அவ்வாறின்றிக் குறைந்த திட்டவிலக்கத்தை மட்டும் ஏற்பின், அரிதாக நேரும் மிகுவலு அசைவின் இடர் குறைத்து மதிப்பிடப்படும். நீண்ட மீள்காலத்திற்கு வடிவமைக்கப்படும் அணுமின் நிலையம் போன்றவற்றில் இப்பிழை பாதுகாப்பையே பாதிக்கும்.

முடிவுரை

தகைவு வீழ்ச்சி நடுக்கங்களுக்கிடையிலான மாறுபாட்டிலும், திசைச்சார்பும் பிளவின் வடிவமும் நடுக்கத்திற்குள்ளான மாறுபாட்டிலும் பெரிதும் இடம்பெறுகின்றன. ஒரு பண்பைச் சமன்பாட்டில் சேர்ப்பதால் மட்டும் இடர் மதிப்பீட்டின் மாறுபாடு குறைந்துவிடாது. வருங்கால நடுக்கத்திற்கு அப்பண்பை முன்னரே அறிய இயலுமா என்பதே அதனைத் தீர்மானிக்கிறது.